ஜலீலின் பெருவிரல்

முதல் நாள் அவர் கேட்டது மூன்று கேள்வி.
தண்ணீரை அவசரமில்லாமல் ஊட்டத் தெரியுமா.
குறட்டை விடுவாயா.
நான் கோபப்பட்டால் உனக்கும் கோபம் வருமா.
மூன்றாவதற்கு, வரும் என்றேன்.
நாளைக்கே வா என்றார்.

ஏஜென்சியில் இருந்தபோது
நீலச் சட்டை, கழுத்தில் பெயரட்டை.
ஒரு நாளைக்கு நாலு வீடு,
நாலு முதுகு, நாலு விதமான சோப்பு மணம்.
எந்த வீட்டிலும் எனக்கென்று ஒரு டம்ளர் கிடையாது.

இங்கே முஹரக்கில்,
துணிக்கொடியை உரசுகிற மாதிரி
விமானங்கள் இறங்கும் தெருவில்,
சம்பளம் போடுவது ஜலீல்தான்.
வாயில் கவ்விய குச்சியால்
போனில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டி
அனுப்பிவிட்டு
'எண்ணிப் பார்' என்பார்.
ஒரு ஃபில்ஸ் குறைந்ததில்லை.

பத்தொன்பது வயதில், நீர் வற்றிக் கிடந்தது தெரியாமல்
கடலில் தலைகீழாகக் குதித்தவர்.
கழுத்துக்குக் கீழே அன்றோடு நின்றது.
மேலே எதுவும் நிற்கவில்லை.
கப்பல் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை
இரவெல்லாம் மொழிபெயர்க்கிறார்,
கமா ஒன்று தப்பினாலும் திட்டிக்கொண்டு.

என் பெயர் பாதி அரபி என்று சிரித்தார்.
அமல் என்றால் நம்பிக்கை.
அதையே தொண்டைக்குள்ளிருந்து இழுத்துச் சொன்னால் வேலை.
விடியற்காலையில் எந்த அமல் வரும் என்பதை
இருமலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தூக்குவது ஒரு வாரத்தில் வந்துவிட்டது.
சும்மா நிற்பதற்கு ஒரு வருடம் ஆனது.
பேங்கில் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்,
'இவருக்கு என்ன வேண்டும்?'
நான் ஏசியைப் பார்த்தேன்.
மறுபடி கேட்டாள்.
ஏசியில் கட்டிய ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது.
மூன்றாம் தடவை ஜலீலைக் கேட்டாள்.

அவருடைய அக்கா வருகிற நாட்களில்
குழம்பை ருசி பார்ப்பாள்.
'இவன் உப்பை அள்ளிப் போடுகிறான். ஆளை மாற்று.'
'உப்பு நான் கேட்டது.
என் நாக்கைத் திட்டு, அவனை விடு.'

என் பாஸ்போர்ட் அவருடைய மேஜை இழுப்பறையில்.
அவரால் திறக்க முடியாத இழுப்பறை.
சாவி என் சட்டைப் பையில்.
இதில் யார் கையில் யார் என்று
தூக்கம் வராத இரவுகளில் யோசிப்பேன்,
அவரைப் புரட்டிப் படுக்கவைக்க
இரண்டு மணி அலாரம் அடிக்கும் வரை.

போன வாரம் ஒப்பந்தம் முடிந்தது.
புதுத் தாளை மடியில் விரித்து
மைப்பெட்டியைத் திறந்தேன்.
அவர் பெருவிரலைப் பிடித்து
என் அடுத்த இரண்டு வருடத்தின் மேல்
நானே அழுத்த வேண்டும்.
ஞாயிறுதோறும் நான் நகம் வெட்டுகிற விரல்.
இதை இவர் தூங்கும்போதும் செய்யலாமே
என்றொரு நினைப்பு வந்தது.
வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

'இரு' என்றார்.

'வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்று இதில் இல்லையே.'
வாய்ப்பேச்சாகவே இருக்கட்டும் என்றேன்.
வெள்ளிக்கிழமை உங்களை யார் தூக்குவார்?
'அது என் கவலை. எழுது.'
அவர் சொல்லச் சொல்ல, என் கையெழுத்தில்,
எனக்கு நானே விடுமுறை கொடுக்கிற மாதிரி எழுதினேன்.
ஆங்கிலத்தில் வெள்ளிக்கு ஓர் எழுத்தை விட்டிருந்தேன்.
அதையும் திருத்தவைத்தார்.
பிறகுதான், 'இப்போது.'

மை போக எலுமிச்சை தேய்க்க வேண்டியிருந்தது.
அவர் ரேகைக்குள் கொஞ்சம் நீலம் மிச்சம்.
என் நகக்கண்ணிலும்.

நேற்று வெள்ளி.
சூக்கில் சும்மா நடந்தேன்.
கருவாட்டுக் கடையில் விலை மட்டும் கேட்டேன்.
பதினோரு மணிக்கு போன். ஜலீல்.
பதறி எடுத்தால் இரைச்சல்,
என் தலைக்கு மேலே போன அதே விமானம்
இப்போது அவர் ஜன்னலில்.
அது இறங்கி முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

'லீவு நாளில் போனை எடுக்கக்கூடாது.
அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.'